சன்னது பறிபோன பிளீடர்: வ.உ.சி.யின் வக்கீல் வாழ்க்கை

விருதுநகரிலிருந்து தெற்கே போகும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும் கோவில்பட்டி வரும்; அதற்கப்பால் மணியாச்சி, அங்கே பிரிந்தால் தூத்துக்குடி. ஆமத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வழி இது. இந்தத் தண்டவாளத்தின் கடைசி முனையில் துறைமுகத்துக்கே வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கோவில்பட்டியில் அதே மனிதர் 1920களின் நடுப்பகுதி தொடங்கி 1932 வரை கறுப்புக் கோட்டோடு கோர்ட்டுக்குப் போய்வந்தார் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. கப்பல் ஓட்டியதும் செக்கிழுத்ததும் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் முன்னால் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் பிளீடராக இருந்ததும், இரண்டுக்கும் பின்னால் மீண்டும் பிளீடராகவே இறந்ததும் அடிக்குறிப்பாகிவிட்டன. அடிக்குறிப்பாக விடக்கூடியவை அல்ல அவை. வக்கீல் தொழில்தான் வ.உ.சி.யின் வாழ்க்கைக்கு முதுகெலும்பு. கப்பல் கம்பெனியும் வேலைநிறுத்தமும் காங்கிரசை விட்டு விலகியதும் கோவில்பட்டிக்குத் திரும்பியதும் அந்த எலும்பைப் பற்றியே நிற்கின்றன என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை நிறுவுவதில் முதல் சிரமம் ஆவணம். அந்தக் காலத்து நீதித்துறை ஏணியில் பி.எல். படித்த வக்கீல்கள் ஐகோர்ட்டில் நின்றார்கள்; அவர்களுடைய வாதங்கள் சட்ட அறிக்கைத் தொகுதிகளில் அச்சேறின. முன்சீப் கோர்ட்டிலும் சப் மேஜிஸ்திரேட் கோர்ட்டிலும் நின்ற இரண்டாம் நிலை பிளீடரின் பெயர் அந்தத் தொகுதிகளில் வராது. கீழ்க்கோர்ட்டுக் கட்டுகள் குறித்த காலம் முடிந்ததும் அழிக்கப்படுபவை. ஆகவே வ.உ.சி. எத்தனை வழக்கு நடத்தினார், எத்தனை ஜெயித்தார் என்று கணக்கெடுக்க வழியில்லை. ஆனால் அவரே ஆசிரியப்பாவில் எழுதிய சுயசரிதை இருக்கிறது, அவருடைய சீடர் பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதற்காக எழுதியது. தன் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்தவர் ஒட்டப்பிடாரத்துக் கோர்ட்டு வழக்குகளுக்கு அதில் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார். கப்பல் வாங்கிய ஒருவர், நாற்பதாண்டுத் தண்டனை கேட்ட ஒருவர், கிராமத்து வழக்குகளையும் சொல்லத் தகுந்தவையாக நினைத்தார். அதை ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1872 செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவருக்கு வக்கீல் தொழில் வீட்டுத் தொழில். தந்தை உலகநாத பிள்ளை பிளீடர். ஆனால் மகன் முதலில் உட்கார்ந்தது சர்க்கார் நாற்காலியில்: ஒட்டப்பிடாரம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. கொஞ்ச காலம்தான் என்பதால் வரலாற்றாசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். தாலுகா கச்சேரி என்பது கிராமத்து ஆளின் மனு எங்கே போய் எந்தக் கட்டில் உறங்குகிறது, எந்த மேல்குறிப்பு அதை எழுப்புகிறது, கிஸ்தி பாக்கிக்கு யார் மாட்டை ஓட்டிப் போவார்கள் என்பதையெல்லாம் உள்ளேயிருந்து பார்க்கும் இடம். அந்த இடத்தில் கொஞ்ச காலம் இருந்தவருக்குக்கூட, எதிர்த்தரப்பில் நிற்கும்போது அரசாங்கம் ஒரு மர்மமாக இருக்காது. இதே மண்ணின் இன்னொரு பெரிய வக்கீலும் குமாஸ்தாவாகத்தான் தொடங்கினார். மதுரையில் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர் கலெக்டர் கச்சேரி ஊழியராக இருந்து, சட்டம் படித்து, அரசாங்க வக்கீலாகி, ஐகோர்ட் நீதிபதியாகி, தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். ஓய்வுக்குப் பின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்து 1917இல் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஆட்சியின் கொடுமைகளைப் பற்றிக் கடிதம் எழுதினார். அதற்காகக் கண்டனம் வந்ததும் சர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏணியின் உச்சிக்குப் போனவரும் கீழ்ப்படியில் நின்றவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கச்சேரியை உள்ளிருந்து பார்த்ததும் கோர்ட்டில் அதை எதிர்த்து நின்றதும் இருவருக்கும் பொது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறுபாடு, ஐயர் இழந்தது பட்டத்தை. வ.உ.சி. இழந்தது பிழைப்பை.

திருச்சியில் சட்டம் படித்துத் தேறி 1895இல் வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். தந்தை வசதியானவர்களின் வக்கீல், மகன் வசதியில்லாதவர்களின் வக்கீல் என்றும், ஒரே வழக்கில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே நின்றதுண்டு என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. போலீஸார் தொடுத்த கிரிமினல் வழக்குகளில் அவர் தொடர்ந்து எதிர்த்தரப்புக்கு நின்றதால் ஸ்டேஷனுக்கும் அவருக்கும் ஆகவில்லை. பகை முற்றியதும் தந்தையே மகனை 1900இல் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். இந்த இடமாற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுதேசி இயக்கம் வங்காளத்தில் கிளம்பியது 1905இல். அதற்கு ஐந்தாண்டுக்கு முன்பே, எந்த மேடையும் எந்தக் கட்சியும் இல்லாமல், ஒரு சின்ன ஊர் பிளீடர் அதிகாரத்தோடு மோதி ஊர் மாறியிருக்கிறார். குறுக்கு விசாரணையில் ஒரு போலீஸ்காரரின் வாக்குமூலத்தை உடைப்பவர் அறிந்தோ அறியாமலோ கட்சிக்காரருக்கு ஒன்றைக் காட்டிவிடுகிறார்: சர்க்கார் சொல்வதும் ஒரு தரப்புதான், அதையும் கேள்வி கேட்கலாம். தேசியம் வருவதற்கு முன்பே அவரிடம் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

தூத்துக்குடியில் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை உணர்ச்சிக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் ஆவணங்களைப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி இந்தியக் கம்பெனிச் சட்டத்தின்படி முறையாக அமைந்த ஒரு லிமிடெட் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்; பாலவநத்தம் நம் விருதுநகர் மாவட்டத்து ஊர்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். சட்ட ஆலோசகர்களில் சேலம் சி. விஜயராகவாச்சாரியார் ஒருவர். பங்கு வாங்கும் உரிமை ஆசியர்களுக்கே என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் ஒரு வக்கீலின் கண் தெரிகிறது. வெள்ளைக்காரக் கம்பெனி பங்குகளை வாங்கியே உள்ளே நுழைந்துவிடும் வழியை அது முதலிலேயே அடைத்துவிடுகிறது. வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் நெருக்குதலால் பின்வாங்கிய பிறகு, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்கும் நிலைக்குக் கம்பெனி வந்தது. பதிவான கம்பெனியை அரசாங்கம் ஒரு உத்தரவால் மூடிவிட முடியாது. அந்நியத் துணியைக் கொளுத்துவதைவிட இது கடினமான எதிரி. எதிராளியின் சட்டப் புத்தகத்திலேயே தன் கோட்டையைக் கட்டுவது மேடைப் பேச்சாளருக்குத் தோன்றாத வழி. பிளீடருக்கு அது அன்றாடக் காரியம்.

கோரல் மில் வேலைநிறுத்தமும் அப்படியே. 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் என்ற ஒன்றே கிடையாது. அது வந்தது 1926இல். இடையில் 1918இல் சென்னையில் பி.பி. வாடியா தலைமையில் தொழிற்சங்கம் தோன்றிய பின்னும்கூட, பின்னி நிர்வாகம் ஐகோர்ட்டில் தடையுத்தரவு வாங்கித் தொழிலாளர் தலைவர்களைக் கட்டிப்போட முடிந்தது. அதற்கும் பத்தாண்டு முந்தைய நிலையை எண்ணிப் பாருங்கள். சட்டப் பாதுகாப்பு ஒரு துளியும் இல்லாத இடத்தில், பதினெட்டு ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு சட்டத்தின் வேலையைச் செய்திருக்கிறார்கள்: கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, கலகம் என்ற சாக்குக்கு இடம் தராமல், நிர்வாகத்தைப் பேச்சுக்கு இழுத்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வாங்கினார்கள். வ.உ.சி.யோடு சுப்பிரமணிய சிவாவும் பத்மநாப ஐயங்காரும் நின்றார்கள். கேட்பது என்ன, கிடைத்தால் எதில் முடித்துக்கொள்வது என்று தெளிவாக இருந்ததால்தான் சில நாட்களில் அது வெற்றியாக முடிந்தது. சமரசம் எழுதிப் பழகிய கை அதில் இருந்தது என்பது என் கணிப்பு.

அரசாங்கம் விழித்துக்கொண்டது அந்த வெற்றியால்தான். வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட ஏற்பாடானபோது கலெக்டர் விஞ்ச் தலைவர்களைத் திருநெல்வேலிக்கு அழைத்து நிபந்தனை விதித்தார், அவர்கள் இணங்கவில்லை, மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7இல் தீர்ப்புச் சொன்னார்: ராஜத்துரோகப் பேச்சுக்கு இருபதாண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபதாண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நாடு கடத்தல். இரண்டு வாரம் கழித்துப் பம்பாயில் திலகருக்கு ராஜத்துரோகத்துக்கான அதே 124ஏ பிரிவின்கீழ்க் கிடைத்தது ஆறாண்டு. ஐகோர்ட் அப்பீலில் வ.உ.சி.யின் தண்டனையும் ஆறாண்டு அளவுக்கு இறங்கியது. நாற்பதுக்கும் ஆறுக்கும் இடையில் உள்ள தூரம், முதல் தீர்ப்பில் சட்டம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்பதைக் காட்டிவிடுகிறது. கோவையிலும் கண்ணூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். செக்கிழுத்த கதையை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அது தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதது, வெளியே வந்த பிறகு என்ன ஆனது என்பது. தண்டனையோடு அவருடைய சன்னதும், அதாவது வக்கீல் தொழில் நடத்தும் உரிமமும், பறிபோயிருந்தது. பிளீடர்களைக் கட்டுப்படுத்தியது 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம். அதன் 12ஆம் பிரிவு, ஒரு பிளீடர் கிரிமினல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டால், அந்தக் குற்றம் பிளீடராக இருக்கத் தகாத குணக்கேட்டைக் காட்டுவதாக இருந்தால், அவரை ஐகோர்ட் நீக்கலாம் என்கிறது. குணக்கேடு! பணம் கையாடியவரையும் பொய்ச் சாட்சி தயாரித்தவரையும் எண்ணி எழுதிய சொல் அது. சுயராஜ்யம் வேண்டும் என்று பேசுவது எந்தக் குணத்தின் கேடு? இந்தக் கேள்வி வ.உ.சி.யோடு நிற்கவில்லை. 1919இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட ஆமதாபாத் வக்கீல்களைப் பம்பாய் ஐகோர்ட் கூண்டுக்கு அழைத்து எச்சரித்தது. 1922இல் ராஜத்துரோகத் தண்டனைக்குப் பின் காந்தியின் பெயரை லண்டன் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து அடித்தது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் இறந்து நாற்பதாண்டு கழித்து. சன்னது என்பது அரசாங்கம் தரும் அனுமதிதான். அதைப் பிடித்திருப்பவர் அரசாங்கத்தை எதிர்த்து வாதாடலாம், எதிர்த்து நினைக்கக் கூடாது என்பது ஏகாதிபத்தியத்தின் கணக்கு. இன்றைய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்திலும் ஒழுக்கக் கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைச் சேர்க்கத் தடை உண்டு. ஆனால் விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் அந்தத் தடை நீங்கிவிடும். வ.உ.சி.க்கோ ஏழு ஆண்டு கழிந்து 1920 பிறந்தபோதும் சன்னது கைக்கு வரவில்லை.

அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதற்கு ஒரு சின்னத் தொகை போதும்: 347 ரூபாய் 12 அணா. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி. குடும்பத்துக்காகத் திரட்டிக் காந்தியிடம் கொடுத்த பணம் அது. 1915இல் காந்தி இந்தியா திரும்பியபின், அந்தப் பணத்தைப் பற்றி இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. பணம் கைக்கு வந்தபோது அடுத்த ஆண்டு பிறந்திருந்தது. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடி வெளிக்கொணர்ந்த கடிதங்கள் இவை. ஒரு காலத்தில் 10 லட்ச ரூபாய்க் கம்பெனிக்கு உதவிச் செயலாளராக இருந்தவர், வருமானத்துக்கு வழியில்லாமல் சென்னையில் உட்கார்ந்து, தனக்கென்று வசூலான பணத்துக்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கம்பெனி 1911இலேயே முடிந்துபோயிருந்தது. பிளீடருக்குச் சன்னது போனால் வேறு எதுவும் கைகொடுப்பதில்லை. கற்ற வித்தை மூளையில் இருக்கும். அதை விற்கும் உரிமை இருக்காது. தண்டனை 1912இல் சிறையோடு முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இந்தத் தண்டனையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே ஒரு பலமான ஆட்சேபணை எழும். 1920 செப்டம்பரில் கல்கத்தா சிறப்புக் காங்கிரஸ் ஒத்துழையாமையை ஏற்றது. கோர்ட்டைப் பகிஷ்கரிப்பது அதில் ஒரு அங்கம். மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாஸும் பெரும் வருமானத்தை உதறினார்கள். இங்கே ராஜாஜி தொழிலை விட்டார். வ.உ.சி.யோ அந்தத் தீர்மானத்தை ஏற்காமல் காங்கிரசை விட்டு விலகினார். சில ஆண்டில் சன்னதைத் திரும்பப் பெற்று அதே கோர்ட்டுக்குப் போனார். மற்றவர்கள் துறந்ததை இவர் தேடிப் போய் வாங்கிக்கொண்டார், பழைய தீவிரம் அடங்கிவிட்டது என்று சிலர் எண்ணியதுண்டு, இன்றும் மெல்லிய குரலில் எண்ணுகிறவர்கள் உண்டு. தொழிலைத் துறந்தவர்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; அது மெய்யான தியாகம். ஆனால் கையில் இருப்பதைக் கொடுப்பது ஒன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே பிடுங்கப்பட்டதைக் கொடு என்று கேட்பது வேறு. வ.உ.சி. திலகர் வழி வந்தவர். கிடைத்த ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் நுழைந்து நின்று போராடுவது அந்த வழி. சட்டசபை, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாவற்றையும் விட்டு வெளியேறுவது அவருக்குப் போர்த் தந்திரமாகவே தோன்றவில்லை. கப்பல் கம்பெனியில் எதைச் செய்தாரோ அதையேதான் 1920லும் சொன்னார். இன்னொன்றையும் கேட்க வேண்டும். வக்கீல்கள் எல்லாரும் கோர்ட்டை விட்டு வெளியேறினால் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ஏழைக்கு அன்றைக்கு யார் ஆஜராவது? பகிஷ்காரத்துக்குப் பதிலாகப் பஞ்சாயத்துகளை வைத்தார்கள். பஞ்சாயத்து ஜாமீன் கொடுக்காது. பெரிய சிவில் வழக்குகளில் வாழ்ந்தவர்களுக்குக் கோர்ட்டை விடுவது வருமான இழப்பு. கீழ்க்கோர்ட்டில் நின்ற கட்சிக்காரருக்கு அது தனிமை. ஒட்டப்பிடாரத்தில் பழகிய ஒருவருக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருக்குமா?

சன்னது திரும்பியது ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால். நன்றியாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. இதையும் சிலர் நெளிந்துகொண்டே சொல்வார்கள். வெள்ளைக்காரன் பெயரை வீட்டுக்குள் கொண்டுவரலாமா என்று. எனக்கு இது அவருடைய வாழ்க்கையின் மிக நேர்மையான செயல்களில் ஒன்றாகப்படுகிறது. அவர் எதிர்த்தது ஆட்சியை. ஒரு நீதிபதி நியாயமாக நடந்துகொண்டால் அந்த நியாயத்தை ஒப்புக்கொள்வது வக்கீலின் கடமை. கோர்ட்டில் நாளெல்லாம் எதிர்த்தரப்பு வக்கீலோடு முட்டிவிட்டு, சாயங்காலம் அவருக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுக்கும் பழக்கம் உள்ள தொழில் அது. வெறுப்பையே தேசபக்தியின் அளவுகோலாக வைப்பவர்களுக்கு இது புரிவது கஷ்டம்.

கோவில்பட்டிக் காலத்தை வீழ்ச்சி என்றும் தேய்மானம் என்றும் எழுதுவது ஒரு மரபாகிவிட்டது. வருமானத்தின் கணக்கில் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தக் கரிசல் பூமியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, அடுத்த ஆண்டு இங்கே தொடங்கினார்கள். மானாவாரி விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த வட்டாரம் மருந்தும் குச்சியுமாக மாறத் தொடங்கிய வேளை அது. அதே 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறை. வேலையில் கை போனாலும் உயிர் போனாலும் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்று இந்தியாவில் முதன்முதலாகப் பொதுவாகச் சொன்ன சட்டம். தொழில் ஒரு பக்கம் பிறக்க, அதன் விபத்துக்கான சட்டம் இன்னொரு பக்கம் பிறக்க, அந்த வட்டாரத்துக்கு அடுத்த ஊர்க் கோர்ட்டில் வ.உ.சி. நின்றுகொண்டிருந்தார். அவர் தீப்பெட்டி வழக்கு எதையும் நடத்தினார் என்று நான் சொல்லவில்லை. இந்தக் காலப் பொருத்தத்தைச் சொல்வதற்குக் காரணம் வேறு: இந்த மண்ணில் தொழிலாளியின் உயிருக்கு விலை கேட்கும் வேலை எப்போதும் தலைநகரத்துப் பெரிய வக்கீலிடம் வந்ததில்லை, பக்கத்து ஊர் பிளீடரிடம்தான் வந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 12இல் சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அது நல்ல காரியம். ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவதும், வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாத ஆள் அந்த அறையில்தான் வேலை பார்த்தார் என்று நிரூபிப்பதும், வாய்தாவுக்கு வாய்தா போவதும் தீர்ப்பாயத்தின் வேலை அல்ல. ஆமத்தூரிலோ திருத்தங்கலிலோ ஒரு குடும்பம் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு விருதுநகர், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எந்தக் கோர்ட்டு வாசலில் நின்றாலும், அந்தக் கட்டைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். கோவில்பட்டி வ.உ.சி. அப்படிப்பட்டவராக இருந்தார். அதை வீழ்ச்சி என்று எழுத என் கை வராது.

இன்னும் ஆழமான ஆட்சேபணை ஒன்று உண்டு. சட்டமே ஏகாதிபத்தியத்தின் கருவிதானே. அதன் கோர்ட்டில் வாதாடுவதும் அதன் கம்பெனிச் சட்டத்தில் பதிவு செய்வதும் அந்த ஆட்சிக்கு மரியாதை சேர்ப்பதுதானே? பின்ஹேயின் தீர்ப்பே இந்த ஆட்சேபணைக்குப் பலம் தருகிறது. பயந்தவுடன் அரசாங்கம் தன் சட்டத்தைத் தானே வளைத்துக்கொண்டது. பதிவான கம்பெனியையும், அதை நடத்தியவரைச் சிறைக்கு அனுப்பியே சாய்த்துவிட்டது. ஆகவே வ.உ.சி.யின் வழி முழு வெற்றி பெற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வளைந்த சட்டத்தை வளைந்தது என்று ஊருக்குக் காட்ட, நேரான சட்டம் எது என்று தெரிந்த ஒருவர் வேண்டும். 124ஏ சுதந்திரத்துக்குப் பிறகும் முக்கால் நூற்றாண்டு நம் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 2022 மே மாதத்தில்தான் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்தது; புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பலர் வாதிடுகிறார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் சட்டம் வளையும் என்றால், அதைக் கோர்ட்டுக்குள் நின்றே எதிர்க்கும் ஆட்களும் தேவைப்படுவார்கள். பகிஷ்காரம் ஒரு காலத்தின் ஆயுதம். வக்காலத்து எல்லாக் காலத்துக்கும் வேண்டியிருக்கிறது.

கப்பலோட்டிய தமிழனைப் பிளீடராகச் சுருக்குகிறேன் என்று யாரும் வருந்த வேண்டாம். பெரிதாகப் பார்க்கவே சொல்கிறேன். அவருடைய தமிழ்ப் பணியிலும் இந்தக் கண் தெரிகிறது: திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும், தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் தேடிப் பதிப்பித்தவர். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் ஊரெல்லாம் ஆட்சி செய்த காலத்தில் பழைய உரையைத் தேடிப் போனது, மூலச் சாட்சியைக் கூண்டில் ஏற்றாமல் தீர்ப்புக்கு ஒப்பாத மனம். இதை இங்கே விரிக்க இடமில்லை.

1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936இல் உடல் ஒடுங்கிய நிலையில் உயில் எழுதினார். கம்பெனி ஆரம்பித்த ஊரில், அந்தக் கம்பெனி கலைந்து கால் நூற்றாண்டு கழித்து எழுதியது. அதில் சொத்து என்று சொல்ல அதிகம் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும் என்று, எண்ணெய்க் கடைக்கும் துணிக் கடைக்கும் பாக்கி வைத்தது வரை ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். நவம்பர் 18இல், தன் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்விட்டார்.